பல்லாங்குழி ஆடினால் கணக்கு வருமா? வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பூட்டூர்க்காரி எழுதியது:

வணக்கம். என் மகள் மூன்றாம் வகுப்பு, வயது 8. கணக்கில் ரொம்ப மோசம் என்று சொல்ல முடியாது, கூட்டல் கழித்தல் எல்லாம் விரல் விட்டாவது போட்டுவிடுவாள். ஆனால் வாக்கியக் கணக்கு வந்தால் போதும், பென்சிலைக் கடித்துக்கொண்டு "அம்மா, இது கூட்டணுமா கழிக்கணுமா?" என்று வந்து நிற்பாள். சொல்லிவிட்டால் ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுவாள். சொல்லாவிட்டால் கண்ணில் படுகிற இரண்டு எண்ணையும் கூட்டி எழுதிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

இந்த லீவில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். பரணில் கிடந்த பழைய மரப் பல்லாங்குழியை அம்மா இறக்கித் துடைத்து, புளியங்கொட்டையைப் போட்டு அவளோடு உட்கார்ந்துவிட்டார். நாலாவது நாள் நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே கவனித்தேன். ஒரு குழியில் கை வைத்தவள், எடுக்காமல் கையை இழுத்துக்கொண்டு, "இதை எடுத்தா கடைசிக் கொட்டை பாட்டி குழியில நாலாவதா விழும், பாட்டிக்குப் பசு போயிடும்" என்றாள். (ஆட்டத்தின் நடுவில் ஒரு குழியில் நாலு கொட்டை சேர்ந்தால் அதுதான் பசு, அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்வார்.) எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக் கணக்கில் 7ம் 9ம் எத்தனை என்று கேட்டால் கூரையைப் பார்க்கிற பெண் இவள்.

இப்போது வீட்டில் ஒரே விவாதம். கணவர் அபாகஸ் வகுப்பில் சேர்க்கலாம் என்கிறார், பக்கத்து வீட்டில் சதுரங்கம் என்கிறார்கள், அம்மா "எதுக்குப் பணம், இதையே ஆடட்டும்" என்கிறார். இந்த மாதிரி யோசித்து ஆடுகிற ஆட்டங்களால் உண்மையிலேயே கணக்குப் பக்கம் ஏதாவது நடக்குமா, அல்லது ஆட்டத்தில் கெட்டிக்காரி, நோட்டில் பழைய கதை என்றுதான் நிற்குமா? எந்த ஆட்டம், எப்படி ஆட வைக்க வேண்டும்? வீட்டில் 4 வயதுப் பையன் ஒருவனும் இருக்கிறான், அவனையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.


இரவுப்பணி எழுதியது:

கசப்பாக இருந்தாலும் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆன பிறகு எங்கள் தெருவில் சதுரங்க வகுப்புக்குப் போகாத பிள்ளை இல்லை. என் மகனை அதற்கும் முன்பே சேர்த்துவிட்டேன். "கணக்கு மார்க் தானாக ஏறும்" என்று சொல்லித்தான் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் ஆயிற்று. பையன் நன்றாக ஆடுகிறான், என்னை 20 நகர்த்தலுக்குள் முடித்துவிடுகிறான். கணக்கு மார்க் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் 100 பள்ளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிப் பள்ளிகளில் 9, 10 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்திலேயே சதுரங்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்து எல்லாரின் கணக்குத் தேர்வையும் ஒப்பிட்டால், கற்றவர்களுக்கும் கற்காதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2016ல் வந்த முடிவு இது. ஆர்மீனியாவில் 2011லிருந்து ஆரம்பப் பள்ளியில் சதுரங்கம் கட்டாயப் பாடம் என்பதையும் இந்த வகுப்புக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள், இங்கிலாந்துக் கதையை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

சதுரங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருகிறான், தோற்றால் எதிராளிக்குக் கை கொடுக்கிறான், அதற்கே கொடுத்த பணம் சரிதான். ஆனால் சதுரங்கம் ஆடினால் சதுரங்கம் வரும். கணக்கு வர வேண்டுமென்றால் கணக்கு போட வேண்டும்.


தூங்கா_நகரம் எழுதியது:

என் வீட்டில் பல்லாங்குழி நவராத்திரிக் கொலுவில் உட்கார்ந்திருக்கிறது, அதையும் ஒரு பொம்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் 😀 பதிலைப் படிக்க நானும் காத்திருக்கிறேன்.


கரும்பலகை எழுதியது:

நான் நடுநிலைப் பள்ளியில் 19 வருஷமாகக் கணக்கு எடுக்கிறவள். இரவுப்பணி சார் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டம் தானாக நடந்து நோட்டுக்குள் போகாது. ஆனால் பூட்டூர்க்காரி, உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். "இதை எடுத்தால் அது நடக்கும், அதனால் இது ஆகும்." வாக்கியக் கணக்கில் அவளுக்கு வராதது இதேதான். கூட்டல் அவளுக்குத் தெரியும், என்ன நடக்கிறது என்று மனதில் ஓட்டிப் பார்க்கிற பழக்கம்தான் நோட்டைத் திறந்தால் நின்றுவிடுகிறது. குழியில் அது தானாக ஓடுகிறது, ஏனென்றால் அங்கே அவளுடைய கொட்டை போகிறது.

பல்லாங்குழியில் நான் ஏழாம் வகுப்பு வரைக்கும் பயன்படுத்துகிற ஒரு விஷயம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊருக்கு ஊர் விதி மாறும். நான் சொல்வது 14 குழி, குழிக்கு 5 கொட்டை, மொத்தம் 70 என்கிற கணக்கு. ஒரு குழியை அள்ளி வலப்பக்கமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், முறை முடிந்தது.

பிள்ளைகள் எல்லாரும் முதல் முறையில் எந்தக் குழியை எடுப்பது என்று பெரிய யோசனை செய்வார்கள். ஒருத்திக்கு ஓரக் குழி ராசி, ஒருவனுக்கு நடுக் குழி ராசி. நான் ஒன்றும் சொல்லாமல் ஏழு பேரை ஏழு குழியிலிருந்து தொடங்கச் சொல்வேன், ஒவ்வொரு தடவையும் கொட்டைகளைப் பழையபடி ஐந்தைந்தாக வைத்துவிட்டு. எங்கே தொடங்கினாலும் கிடைப்பது 7 கொட்டைதான்! ஐந்து தடவை அள்ளி, மூன்று தடவை ஐந்தைந்தாகவும் இரண்டு தடவை ஆறாறாகவும் போட்டு, கடைசியில் வெறும் குழி வந்து நின்று 7 கிடைக்கும். முதலில் யாரும் நம்ப மாட்டார்கள், எண்ணியதில் தப்பு என்பார்கள், திரும்பப் போடுவார்கள். பத்து நிமிஷம் கழித்து எவளாவது ஒருத்தி, "டீச்சர், எல்லாக் குழியும் ஒண்ணு போலத்தானே இருக்கு, எங்க ஆரம்பிச்சா என்ன?" என்பாள். சமச்சீர் என்று நான் பலகையில் எழுத வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும்.

இன்னும் வேடிக்கை இருக்கிறது. சில வீடுகளில் தடவிய பிறகு கிடைக்கும் குழியோடு அதற்கு நேர் எதிர்க் குழியையும் சேர்த்து எடுப்பார்கள். அந்த விதியை வைத்தவுடன் கதையே மாறிவிடும். அப்போது உங்கள் பக்கத்து இடது ஓரத்திலிருந்து 4வது குழியில், அதாவது நட்டநடுவில் தொடங்கினால் 15 கிடைக்கும். ஓரக் குழி இரண்டுக்கும் 14. 3வது குழியில் தொடங்கினால் வெறும் 7, எதிர்க் குழி காலி. சின்ன ஒரு விதி மாறினால் எது நல்ல ஆட்டம் என்பதே மாறுகிறது. வீட்டில் போட்டுப் பாருங்கள், ஒரு மழை நாள் முழுக்க ஓடும்.

அடுத்தது தாயம். வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பரமபதத்தில் முடிவெடுக்க எதுவுமே கிடையாது, தாயத்தில் எந்தக் காயை நகர்த்துவது, எதை வெட்டுவது, எதை மலையில் ஏற்றிப் பத்திரமாக வைப்பது என்று ஒவ்வொரு போடுக்கும் முடிவு இருக்கிறது. கட்டை ஒன்றுக்கு வெறும் முகம், 1, 2, 3 என்று நாலு முகம். இரண்டு கட்டைக்கும் சேர்த்து 16 விதமாக விழலாம். தாயம் விழ அதில் 2 விதம்தான்: இது வெறும் முகம் அது ஒன்று, இல்லாவிட்டால் மாறி. மூன்று விழ 4 விதம் இருக்கிறது. பன்னிரண்டு விழ ஒரே விதம், இரண்டும் வெறும் முகம். ஆறுக்கும் ஒன்றுதான். தாயம் போடாமல் பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்து அழுவது இதனால்தான், சராசரியாக எட்டுப் போடுக்கு ஒரு தாயம்தான் விழும். எட்டு வயதுக்கு இதைக் கணக்காகச் சொல்ல வேண்டாம். ஒரு தாளில் 1, 2, 3, 4, 5, 6, 12 என்று எழுதி, நூறு தடவை உருட்டி, விழ விழக் கோடு போடச் சொல்லுங்கள். 3க்கு நேரே கோடு நீண்டுகொண்டே போவதை அவளே பார்த்துவிட்டு ஏன் என்று கேட்பாள். அப்போது சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

மூன்றாவது, செலவே இல்லாதது. 21 புளியங்கொட்டை. இருவரும் மாறி மாறி 1, 2 அல்லது 3 கொட்டை எடுக்கலாம், கடைசிக் கொட்டையை எடுப்பவர் ஜெயித்தவர். இதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது, பிள்ளைக்குச் சொல்லித் தொலைக்காதீர்கள். நான் இந்த ஆட்டத்தை வகுப்பில் விட்டால் முதல் வாரம் எல்லாரும் சும்மா எடுப்பார்கள். அப்புறம் "நாலு கொட்டை இருக்கும்போது என் முறை வந்தா நான் காலி" என்று ஒருத்தர் கண்டுபிடிப்பார். அங்கிருந்து எட்டுக்கு வர இன்னும் சில நாள். எட்டு வந்துவிட்டால் பன்னிரண்டு, பதினாறு, இருபது என்று ஒரே மூச்சில் ஓடிவிடுவார்கள், நாலாம் வாய்ப்பாடு அன்றைக்குத்தான் அவர்களுக்குச் சொந்தமாகிறது.

முக்கியமானது ஒன்று. ஆடும்போது "ஏன் அதை எடுத்தாய்?" என்று கேளுங்கள். தப்பாக ஆடியபோது மட்டும் கேட்டால் திட்டுவதாக எடுத்துக்கொள்வாள், நன்றாக ஆடியபோதும் கேளுங்கள். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் யோசனை உருவம் பெறும்.


சோழிப்பாட்டி எழுதியது:

பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்லச் சொல்ல. எனக்கு 74 வயசு.

டீச்சரம்மா எல்லாம் சரியாகச் சொன்னீர்கள், கடைசியில் சொன்னது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. ஆடுகிற பிள்ளையிடம் ஏன் எதற்கு என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டால் அதற்குப் பேர் ஆட்டமா, பரீட்சையா? எங்கள் அம்மா ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. அம்மாதான் வாய்க்குள்ளே முனகிக்கொண்டே ஆடுவாள். "இதை எடுத்தா ரெண்டு பசு வரும், ஆனா அந்தப் பக்கம் பெருசு ஒண்ணு அவளுக்குப் போயிடும், வேண்டாம், இதை எடுக்கிறேன்." அதைக் கேட்டுக் கேட்டே எனக்கு வந்தது. பெரியவர்கள் முனகினால் போதும், பிள்ளை காது கொடுத்துக் கேட்கும்.

பல்லாங்குழியை எல்லாரும் சொல்லிவிட்டீர்கள், ஆடு புலியை ஒருத்தரும் சொல்லவில்லையே. 3 புலி, 15 ஆடு. தரையில் சாக்பீஸால் முக்கோணம் போட்டு உச்சியிலிருந்து கோடு இறக்கி, குறுக்கே கோடு வெட்டினால் 23 புள்ளி வரும், பழைய கோயில் மண்டபத் தரைகளில் செதுக்கியே வைத்திருப்பார்கள். ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆடாக வைத்துக்கொண்டே வர வேண்டும், எல்லாம் வைத்து முடித்த பிறகுதான் ஆடு நகரும். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு போச்சு, குதிக்க அந்தப் பக்கம் காலிப் புள்ளி இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. சின்னப் பிள்ளை புலிதான் வேண்டும் என்று கேட்கும். கொடுத்துவிடுங்கள். நாலு நாள் கழித்து ஆட்டைக் கொடுங்கள், அங்கேதான் புத்தி வேலை செய்யும். ஒரு ஆட்டை வைக்குமுன் பின்னால் பார்க்க வேண்டும், காலியாக இருந்தால் அங்கே வைக்கக் கூடாது. மூலைப் புள்ளியில் வைத்த ஆட்டைத் தாண்ட அந்தப் பக்கம் இடமே கிடையாது, அதனால் நாங்கள் மூலையிலிருந்துதான் ஆரம்பிப்போம். ஒரு ஆடும் போகாமல் பதினைந்தையும் இறக்கிவிட்டால் பலகையில் ஐந்தே புள்ளிதான் காலி, அப்புறம் புலி முழி முழி என்று முழிப்பதைப் பார்க்க வேண்டுமே.

இன்னொன்று. காய்க்குக் குன்றிமணி வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் அது விஷம், வீட்டில் நாலு வயசுக் குழந்தை இருக்கிறது என்கிறாய். புளியங்கொட்டையையும் அவன் மூக்கில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்.


கரும்பலகை எழுதியது:

பாட்டி, தலை வணங்குகிறேன். வகுப்பில் 35 பேருக்கு நடுவில் நான் கேட்டால்தான் வாய் திறப்பார்கள், அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். வீட்டில் நீங்கள் சொன்ன முனகல்தான் சரியாக வரும்.


கடல்தாண்டி எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து. இங்கே மலாய்க்காரர்கள் வீட்டில் இதற்குச் சோங்காக் என்று பெயர், படகு மாதிரி பலகை. பக்கத்துக்கு 7 குழி, குழிக்கு 7 காய், மொத்தம் 98. இரண்டு முனையிலும் ஆளுக்கு ஒரு பெரிய குழி, அதுதான் அவரவர் வீடு, சுற்றிப் போடும்போது நம் வீட்டில் ஒன்று போட வேண்டும், எதிராளி வீட்டில் போடக் கூடாது. கடைசிக் காய் நம் வீட்டில் விழுந்தால் இன்னொரு முறை ஆடலாம். பிள்ளைகள் "இங்கிருந்து வீட்டுக்கு எத்தனை தூரம்" என்று கணக்குப் பார்த்தே குழியைத் தேர்ந்தெடுப்பார்கள், அதனால் சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லாங்குழியைவிட இது சீக்கிரம் பிடிபடுகிறது என்பது என் எண்ணம். (என் மாமியார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.)

4 வயதுப் பையனுக்கு ஒரு யோசனை. 2008ல் கீதா ராமணி, ராபர்ட் சீக்லர் என்ற இருவர் அமெரிக்காவில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். நேர்கோட்டில் 1 முதல் 10 வரை கட்டம், ஒன்றோ இரண்டோ விழும் ஒரு சுழலி, அவ்வளவுதான் ஆட்டம். இரண்டு வாரத்தில் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் போல. இன்னொரு குழுவுக்கு அதே பலகை, எண்ணுக்குப் பதில் நிறம். எண் பலகை ஆடிய பிள்ளைகளுக்கு எது பெரிய எண், எண் வரிசையில் எது எங்கே என்பதெல்லாம் நன்றாக முன்னேறியது, நிறப் பலகைக் குழுவுக்கு அப்படி இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது காயை நகர்த்தும்போது பிள்ளை வாயால் என்ன சொல்கிறது என்பது. 3ல் நிற்கிறான், 2 விழுந்தது, நம் வீட்டில் எல்லாம் "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லித்தான் நகர்த்துவோம். "நாலு, அஞ்சு" என்று கட்டத்தில் இருக்கிற எண்ணைச் சொல்லி நகர்த்த வைக்க வேண்டும். பரமபதத்திலும் இதையே செய்யலாம், 37ல் நின்று 5 விழுந்தால் 38, 39, 40, 41, 42. எனக்கு இதைச் சரியாகச் சொல்ல வைக்க ஒரு வாரம் ஆயிற்று, பையனுக்கு இல்லை, என் கணவருக்கு.


பூட்டூர்க்காரி எழுதியது:

இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. சோழிப்பாட்டி சொன்னதை அம்மாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன், "நான் சொன்னா கேட்க மாட்ட, ஊர்க்காரங்க சொன்னா கேட்ப" என்று ஒரு அர்ச்சனை விழுந்தது.

இப்போது ஒரு சிக்கல். நான் அவளோடு ஆடினால் தோற்கும்போது கொட்டையைத் தட்டிவிட்டு அழுகிறாள். நேற்று மடியில் நாலு கொட்டையை ஒளித்து வைத்திருந்தாள். வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்கலாமா? அவள் அப்பா அப்படித்தான் செய்கிறார், அவள் கண்டுபிடித்துவிட்டு இன்னும் கோபப்படுகிறாள்.


இரவுப்பணி எழுதியது:

ஒளித்து வைத்தாளா, நல்லது, 70ல் 4 குறைகிறது என்று நீங்கள் எண்ணிக் கண்டுபிடித்தீர்கள் அல்லவா, அடுத்த தடவை எண்ணுகிற வேலையை அவளிடம் கொடுங்கள். கொட்டைக் கணக்குப்பிள்ளை உத்தியோகம் கிடைத்த பிறகு திருட மனசு வராது.

தோற்றுக் கொடுப்பது வேண்டாம். சதுரங்கத்தில் நாங்கள் செய்வது: தொடங்கும்போதே என் ராணியை எடுத்து வைத்துவிடுவேன். அவன் ஜெயிக்க ஜெயிக்க ராணிக்குப் பதில் யானை, யானைக்குப் பதில் குதிரை என்று குறைத்துக்கொண்டே வந்தோம். எல்லாருக்கும் தெரிந்தே நடக்கிற சலுகை, அதில் ஏமாற்று இல்லை. பல்லாங்குழியில் என்றால் அவளுக்கு முதலிலேயே ஒரு 10 கொட்டை கொடுத்துவிடலாம்.

இன்னொரு வழி, ஆட்டத்தின் நடுவில் ஒரே ஒரு தடவை "பக்கம் மாற்று" என்று அவள் கேட்கலாம். அவள் இடத்தில் நீங்கள், உங்கள் இடத்தில் அவள். எப்போது கேட்பது என்பது அவள் கையில். யார் ஜெயிக்கிற நிலையில் இருக்கிறார்கள் என்று எடைபோடாமல் அதைக் கேட்க முடியாது. என் மகன் முதலில் சும்மா சும்மா கேட்பான், மாற்றிய பிறகுதான் தெரியும் அவன் இருந்த பக்கம்தான் நல்ல பக்கம் என்று. அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

(இவ்வளவு எழுதிவிட்டு கணக்கு வராது என்று நானே சொன்னது எனக்கே கொஞ்சம் இடிக்கிறது. மார்க் ஏறவில்லை என்பது மட்டும் உண்மை.)


கட்டைவிரல் எழுதியது:

கரும்பலகை டீச்சருக்கு ஒரு சின்னத் திருத்தம். அந்த 16 விதக் கணக்கு கட்டைக்குத்தான் பொருந்தும். எங்கள் வீட்டில் 6 சோழி போட்டுத்தான் தாயம். எத்தனை சோழி வாய் தெரிய விழுகிறதோ அத்தனை, எல்லாம் கவிழ்ந்தால் பன்னிரண்டு. சோழியை நாணயம் மாதிரி நினைத்துக்கொண்டால் 64 விதத்தில் தாயத்துக்கு 6, மூன்றுக்கு 20. ஆனால் சோழி நாணயம் இல்லை, ஒரு பக்கம் கூன், ஒரு பக்கம் தட்டை, கவிழ்வதும் நிமிர்வதும் சரிபாதி என்று யார் சொன்னது? தேய்ந்த பித்தளைக் கட்டைக்கும் இதே சந்தேகம் உண்டு. அதனால் நூறு தடவை போட்டுக் கோடு போடுவது இரண்டிலும் செய்து பார்க்க வேண்டிய வேலை. என் பெரிய மகள் கட்டைக்கு ஒரு தாள், சோழிக்கு ஒரு தாள் என்று இரண்டையும் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள், சித்தப்பா வந்தால் சோழிதான் வேண்டும், மாமா வந்தால் கட்டைதான் வேண்டும் என்று ஆளைப் பார்த்து எடுக்கிறாள், காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.


கரும்பலகை எழுதியது:

திருத்தம் சரி, நன்றி. அந்தக் கதவின் படம் கிடைக்குமா? வகுப்பில் காட்ட வேண்டும்.


பூட்டூர்க்காரி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அபாகஸ் இப்போதைக்குத் தள்ளிப் போயிருக்கிறது. வாக்கியக் கணக்கு சட்டென்று வந்துவிடவில்லை, இன்னும் கேட்கிறாள். ஆனால் போன செவ்வாய்க்கிழமை "கூட்டணுமா கழிக்கணுமா" என்று வந்தவளிடம் நான் பதில் சொல்லாமல், பாட்டி சொன்ன மாதிரி, "பெட்டியில 24 மாம்பழம் இருந்துச்சு, கொஞ்சம் அழுகிப் போச்சு, இப்ப பெட்டி முன்னைவிட நிறைஞ்சிருக்குமா குறைஞ்சிருக்குமா" என்று எனக்கு நானே முனகினேன். முறைத்துப் பார்த்துவிட்டுப் போய் சரியாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

21 கொட்டை ஆட்டத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். 4ஐ அவளே கண்டுபிடித்தாள், 8க்கு ஒரு வாரம் ஆயிற்று, அப்புறம் டீச்சர் சொன்னபடியே மற்றதெல்லாம் ஒரே நாளில். அதற்குப் பிறகு அவள் அப்பாவால் ஒரு ஆட்டம் கூட ஜெயிக்க முடியவில்லை. தானே முதலில் ஆடுவேன் என்று ஒன்றை எடுத்து 20ல் விட்டுவிடுகிறாள், முடிந்தது.

நேற்று அவர் கடுப்பாகி, இனிமேல் ஒரு தடவைக்கு 4 கொட்டை வரைக்கும் எடுக்கலாம் என்று விதியை மாற்றினார். இவளும் அசரவில்லை, வழக்கம்போல ஒன்றை எடுத்து 20ல் விட்டாள். அவர் 2 எடுத்தார். இவள் 2 எடுத்து 16ல் நிறுத்திவிட்டு ஜெயித்த சிரிப்பு சிரித்தாள். அவர் 1 எடுத்தார், 15. இவள் 3 எடுத்து 12. அவர் 2, இவள் 2, மிச்சம் 8. அவர் 3 எடுத்தார், இவள் 1 எடுத்து நாலைத் தள்ளி வைத்தாள், அவர் நாலையும் ஒரே அள்ளாக அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

இந்தத் தடவை அழவில்லை. 21 கொட்டையையும் மறுபடி தரையில் பரப்பி, தனியாக இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. அவர் சொல்லிவிடப் போனார், நான் கண்ணைக் காட்டினேன். பல் தேய்க்கும்போது நுரையோடு வந்து, "அம்மா, நாலு இல்லன்னா அஞ்சா?" என்றாள். எனக்குத் தெரியாது, நீயே பார் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பையில் கொட்டை கிலுகிலுவென்று சத்தம் கேட்டது.